வழித்தட நாகரிகம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

சாலை பலருக்கும் பொதுவானது. அதில் செல்வோர் ஒருவரையொருவர் அறியாதவர். எனினும் ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருக்கிறது. மிதமான வேகமும் வழித்தட ஒழுங்கும் சட்டத்தின் கட்டளைகளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. முன்பின் அறியாத மனிதருக்குக் காட்டும் பரிவாகவும் அவை விளங்குகின்றன. அப்பரிவின் பின்னுள்ள அறிவியலையும் நடைமுறையையும் விளக்குகிறது இப்பாடம்.

---

வினை முடித்துத் திரும்புகிறான் தலைவன். கார்காலம் தொடங்கிவிட்டது. இல்லத்தில் தலைவி காத்திருக்கிறாள். விரைந்து செல்ல அவனுக்கு எல்லாக் காரணங்களும் உண்டு. ஆயினும், வழியிலுள்ள பூஞ்சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் தேர்மணியின் ஓசை கேட்டு அஞ்சிக் கலையக்கூடும் என்று எண்ணி, மணிகளின் நாவை ஒலிக்காதவாறு கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகிறான். அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதன் காட்டும் காட்சி இது.

தன் பயணத்தால் பிற உயிருக்கு இடர் நேரலாகாது என்னும் எண்ணம் அத்தேரோட்டத்தில் இருந்தது. அவனுடைய அவசரம் அவனுக்குரியது. வழியோ எல்லா உயிர்க்கும் உரியது. இந்த வேறுபாட்டை உணர்ந்து நடப்பதே வழிச்செலவின் நாகரிகம். குதிரை பூட்டிய தேரின் இடத்தில் இன்று எந்திர ஊர்திகள் வந்துவிட்டன. வேகம் பன்மடங்கு பெருகியிருக்கிறது. அதற்கேற்பப் பரிவும் பெருக வேண்டியிருக்கிறது.

நெடுஞ்சாலையின் இயல்பு

நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலையாகிய 44ஆம் எண் சாலை, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. ஒசூர் வழியாகத் தமிழகத்திற்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி எனத் தெற்கு நோக்கிச் செல்கிறது. தொலைதூரம் செல்லும் சரக்குந்துகளும் பேருந்துகளும் மகிழுந்துகளும் விரைந்து செல்வதற்காக அமைக்கப்பட்ட சாலை அது.

ஆனால், அச்சாலையில் அவை மட்டும் செல்வதில்லை. கரும்பேற்றிய டிராக்டர் மெல்ல ஊர்ந்து வருகிறது. பால்கேன்களைத் தொங்கவிட்ட இரு சக்கர வாகனம் ஓரமாகச் செல்கிறது. சாலையின் ஒருபுறம் ஊரும் மறுபுறம் வயலும் இருப்பதால், நாள்தோறும் குறுக்கே கடந்தாக வேண்டிய உழவர் இருக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டுமந்தைகளும் அதே இடத்தில்தான் கடக்கின்றனர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மகிழுந்தும் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் மூதாட்டியும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்நிலையே நம் நெடுஞ்சாலைகளின் தனித்தன்மை. அவற்றின் இடரும் இதுவே.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன; 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. இங்கு நிகழ்ந்த 64,105 விபத்துகளில் 17,884 பேர் மாண்டனர். நாடு முழுவதும் நேர்ந்த உயிரிழப்புகளில் பத்தில் ஏழுக்கு, மிகை வேகம் காரணமாகப் பதிவாகியுள்ளது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் மாலையில் வீடு திரும்பாத ஒருவரும், அவருக்காகக் காத்திருந்த ஒரு குடும்பமும் உண்டு.

வேகத்தின் கணக்கு

வேகம் எவ்வாறு ஆபத்தாகிறது? ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இயற்பியல் பாடம். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகும். வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தொலைவும் நான்மடங்காகும்.

வண்டி நிற்பதற்கு முன் கடக்கும் தொலைவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. இடரைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடுகிறது, இது உணர்தொலைவு. பிரேக்கை மிதித்தபின் முற்றிலும் நிற்கும் வரை கடப்பது நிறுத்தத் தொலைவு. உணர்வதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள மகிழுந்து என்றும் கொண்டால் ஏறத்தாழப் பின்வரும் அளவுகள் கிடைக்கும்:

| வேகம் (மணிக்கு) | உணர்தொலைவு | நிறுத்தத் தொலைவு | மொத்தம் |
|---|---|---|---|
| 60 கி.மீ. | 25 மீட்டர் | 20 மீட்டர் | 45 மீட்டர் |
| 80 கி.மீ. | 33 மீட்டர் | 35 மீட்டர் | 68 மீட்டர் |
| 100 கி.மீ. | 42 மீட்டர் | 55 மீட்டர் | 97 மீட்டர் |
| 120 கி.மீ. | 50 மீட்டர் | 79 மீட்டர் | 129 மீட்டர் |

இவ்வட்டவணை உணர்த்தும் உண்மையை ஒரு காட்சியாகக் காணலாம். இரண்டு மகிழுந்துகள் அடுத்தடுத்த தடங்களில் இணையாக வருகின்றன. ஒன்றன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். மற்றொன்றன் வேகம் 100. சற்றேறக்குறைய 70 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் சாலையில் இறங்குகிறான். இரு ஓட்டுநரும் ஒரே நொடியில் அவனைக் காண்கின்றனர். ஒரே நொடியில் பிரேக்கை மிதிக்கின்றனர். முதல் வண்டி சிறுவனுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. இரண்டாம் வண்டி அந்த இடத்தை அடையும்போது இன்னும் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கூடுதலாக எடுத்துக்கொண்ட வேகம் 20 கிலோமீட்டர்தான். அதன் விளைவோ ஓர் உயிர்.

மழையில் நனைந்த சாலையில் நிறுத்தத் தொலைவு மேலும் நீளும். தேய்ந்த டயர், மிகைப்பாரம், ஓட்டுநரின் களைப்பு ஆகியவையும் அதை நீட்டும். கைப்பேசியைப் பார்க்கும் இரண்டு நொடியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 44 மீட்டரைக் கண்மூடிக் கடக்கிறது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்து நேரும் வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்று உலக நலவாழ்வு அமைப்பு எச்சரிக்கிறது.

மிச்சமாகும் நேரம்

விரைந்து செல்வோர் கூறும் காரணம் நேரம். அந்நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 45 நிமிடம் ஆகும்; 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 நிமிடம் ஆகும். மிச்சம் ஒன்பது நிமிடம். அதுவும் சாலை முழுவதும் தடையின்றி இருந்தால்தான். சுங்கச்சாவடியின் வரிசையும், ஊர்ப்புறச் சந்திப்பின் நெரிசலும் அந்த ஒன்பது நிமிடத்தை விழுங்கிவிடும். சீறிப் பாய்ந்து முந்திச் சென்ற வண்டி, அடுத்த சுங்கச்சாவடியில் இரண்டு வண்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பதை நெடுஞ்சாலைப் பயணிகள் பலரும் கண்டிருப்பர்.

மிதவேகம் என்பது ஊர்ந்து செல்வதைக் குறிக்காது. தேவையின்றி மிக மெதுவாகச் செல்லும் வண்டியும் பின்வருவோரைத் தடுமாறச் செய்யும். அறிவிப்புப் பலகை குறிக்கும் எல்லையைக் கடவாமல், சாலையின் நிலைக்கும் ஒளிக்கும் வானிலைக்கும் நெரிசலுக்கும் ஏற்ப அமையும் சீரான வேகமே மிதவேகம். 80 என்று பலகை கூறினாலும், கொட்டும் மழையில் 50 கிலோமீட்டரே மிதவேகமாகலாம். பலகை தருவது மேல் எல்லை. அதற்குள் தக்கதைத் தேர்வது ஓட்டுநரின் பொறுப்பு.

தடங்களின் மொழி

நான்குவழிச்சாலையில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு தடங்கள் உண்டு. இந்தியாவில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. எனவே, இடப்புறத் தடம் இயல்பாகச் செல்வதற்குரியது. நடுத்திட்டை ஒட்டிய வலப்புறத் தடம் முந்துவதற்குரியது. முந்தி முடித்தவர் மீண்டும் இடப்புறத் தடத்திற்குத் திரும்ப வேண்டும். மூன்று தடங்கள் உள்ள சாலையில் பார வண்டிகள் இடப்புறமும், விரைவு மிக்கவை நடுவிலும் செல்ல, வலப்புறத் தடம் முந்துவோருக்கு விடப்படுகிறது. விட்டு விட்டு வரையப்பட்ட வெண்கோட்டைப் பாதுகாப்பு அறிந்து கடக்கலாம். தொடர்ச்சியான கோடு, தடம் மாறாதே என்று கூறுகிறது.

இவ்வொழுங்கின் பயன் யாது? அடுத்தவர் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே அறிய முடிவதுதான். முன்செல்லும் வண்டி தன் தடத்திலேயே செல்லும் என்ற நம்பிக்கை இருந்தால், பின்வருபவர் அமைதியாக ஓட்டுகிறார். அந்நம்பிக்கை குலைந்தால், ஒவ்வொரு நொடியும் ஐயமாகிறது.

> தெரியுமா?
> சாலையின் நடுவே கோடு வரையும் வழக்கத்திற்கு முன்னோடியாகக் கருதப்படுவோரில் ஒருவர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹைன்ஸ். 1911ஆம் ஆண்டில் அங்கு ஒரு சாலையில் நடுக்கோடு வரையப்பட்டது. பால் வண்டி ஒன்றிலிருந்து ஒழுகிய பால், சாலையில் வெண்கோடாக நீண்டதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது.

நடைமுறையில் இவ்வொழுங்கு எங்கே குலைகிறது என்பதையும் நோக்க வேண்டும். தொலைவில் உள்ள திருப்பத்திற்குச் சென்று சுற்றிவரச் சலிப்புற்று, ஒருவர் இடப்புற ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார். உணவகத்தின் எதிரே ஒரு சரக்குந்து இடப்புறத் தடத்திலேயே நிறுத்தப்படுகிறது. இவற்றுக்கு அஞ்சிய பார வண்டிகள் வலப்புறத் தடத்திற்கு மாறி, அங்கேயே நிலைத்துவிடுகின்றன. வலப்புறத் தடம் அடைபட்டதால், விரைந்து வரும் மகிழுந்து பொறுமையிழந்து இடப்புறமாக முந்துகிறது. அங்கேதான் அந்த எதிர்த்திசை வண்டியும், நின்றிருக்கும் சரக்குந்தும் இருக்கின்றன. நின்றிருந்த சரக்குந்தின் பின்புறம் மகிழுந்து மோதியது என்று நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்திகளுள் பல இப்படிப்பட்ட சங்கிலியின் கடைசிக் கண்ணிகளாகும். ஒருவரின் சிறு வசதிக்காக மீறப்படும் ஒழுங்கு, அவரை ஒருபோதும் கண்டிராத மற்றொருவரின் உயிரைப் பறிக்கிறது.

முந்துதலும் வழிவிடுதலும்

இந்தியாவில் ஓட்டுநர் பலவகை வண்டிகளில் வலப்புற இருக்கையில் அமர்கிறார். ஆகவே, அவருக்கு வலப்புறம் தெளிவாகத் தெரியும். உயரமான சரக்குந்தின் இடப்பக்கத்தை ஒட்டிக் கண்ணாடியிலும் அகப்படாத காணாப் பகுதி ஒன்று உண்டு. அவ்வழியே முந்தும் இரு சக்கர வாகனத்தை ஓட்டுநர் அறியவே மாட்டார். வலப்புறமாகவே முந்துக என்னும் விதியின் காரணம் இதுதான்.

முந்த விரும்புபவர் முதலில் பக்கக் கண்ணாடியில் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பின்னர்த் திசைகாட்டி விளக்கை ஒளிரச் செய்து, பின்வருவோர் அதை உணரச் சில நொடிகள் தர வேண்டும். அதன்பின் தடம் மாறி, முந்தி, முந்திய வண்டி முழுவதும் கண்ணாடியில் தெரிந்த பிறகே இடப்புறம் திரும்ப வேண்டும். வளைவுகளிலும் சந்திப்புகளிலும் முன்சாலை தெரியாத மேட்டின் உச்சியிலும் முந்துதல் தகாது.

முந்தப்படுபவருக்கும் கடமை உண்டு. தம்மை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவது, போட்டியைச் சாலைக்குக் கொண்டுவருவதாகும். தம் தடத்தில் சீராகச் சென்று வழிவிடுபவர் எதையும் இழப்பதில்லை. மாறாக, தம் அருகே நிகழவிருந்த ஒரு விபத்தைத் தவிர்க்கிறார்.

இடைவெளி என்னும் காப்பு

முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? மீட்டரில் அளப்பது ஓட்டுநருக்கு அரிது. நொடியில் அளப்பது எளிது. முன்வண்டி ஒரு மரத்தையோ கிலோமீட்டர் கல்லையோ கடக்கும்போது எண்ணத் தொடங்க வேண்டும். மூன்று நொடிகள் கழிந்தபின் தம் வண்டி அவ்விடத்தை அடைந்தால் இடைவெளி போதுமானது. வேகம் கூடும்போது இவ்விடைவெளியும் தானாகவே நீள்வது இம்முறையின் சிறப்பு. மழையிலும் பனிமூட்டத்திலும் நொடிகளை இருமடங்காக்குவது நன்று.

இடைவெளி விட்டால் வேறொருவர் நடுவே புகுந்துவிடுவார் என்பது பலரின் குறை. புகுபவர் புகட்டும், வேகத்தைச் சற்றுக் குறைத்தால் இடைவெளி மீண்டும் உருவாகும். அதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே.

இரவும் மலைச்சரிவும்

இரவில் ஓட்டுநரின் உலகம் முகப்பு விளக்கு எட்டும் தொலைவோடு முடிந்துவிடுகிறது. வெளிச்சம் காட்டும் தொலைவிற்குள் நிறுத்த முடியாத வேகத்தில் செல்பவர், இருளுக்குள் கண்மூடி ஓடுபவரே. எதிரே வண்டி வரும்போது விளக்கின் ஒளியைத் தாழ்த்துவது, அவருக்குப் பார்வையைத் திருப்பித் தருவதாகும். பழுதாகி நிற்க நேர்ந்தால், வண்டியைச் சாலையை விட்டு இறக்கி, எச்சரிக்கை விளக்குகளை ஒளிரச் செய்து, பின்னால் தொலைவிலேயே தெரியுமாறு எதிரொளிக்கும் முக்கோணப் பலகையை வைக்க வேண்டும்.

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாய், சரிவின் இடரை உணர்த்தும் இடம். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்துச் சரிவில் இறங்கினால், எந்திரத்தின் பிடி அற்றுப்போகும். முழுச்சுமையும் பிரேக்கின்மேல் விழும். தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறி வலுவிழக்கும். அப்போது வண்டி ஓட்டுநரின் கையில் இராது. தாழ்ந்த கியரில், மிதவேகத்தில் இறங்குவதே காப்பு. சில ரூபாய்க்குரிய எரிபொருளுக்காக முன்செல்லும் எத்தனையோ குடும்பங்களைப் பணயம் வைப்பது தகுமா?

உரிமமும் பொறுப்பும்

கியருள்ள இரு சக்கர வாகனத்தையோ மகிழுந்தையோ ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமமும் பெற்றிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உரிய வயது நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் பெற நேரும். வண்டியின் பதிவு ஓராண்டிற்கு நீக்கப்படும். ஓட்டிய சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. நண்பனின் வண்டியில் ஒருமுறை செல்லும் ஆசைக்கு இவ்வளவு பெரிய விலை உண்டு. சட்டம் அளிக்கும் தண்டனை ஒருநாள் முடிந்துவிடும். ஓர் உயிரைப் பறித்த நினைவு முடிவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
> விபத்தைக் கண்டால் அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணிலும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். காயமுற்றோருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

முன்னறிவின் மரபு

உப்பு வணிகராகிய உமணர், பாரமேற்றிய வண்டிகளில் மேடுபள்ளம் நிறைந்த வழியில் நெடுந்தொலைவு சென்றனர். வழியில் என்ன நேரும் என்பது யாருக்கும் தெரியாது என்பதால், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். சேமஅச்சு எனப்படும் அதனை, அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிப் பாடியிருக்கிறார் ஔவையார். வழியில் நேரக்கூடியதை முன்னரே எண்ணிப் பார்ப்பது பழந்தமிழர் பயணமுறை. இன்றைய சாலையில் மிதவேகமும் மூன்று நொடி இடைவெளியும் நமக்கு வாய்த்த சேமஅச்சுகள். பலநாள் பயன்படாமலே இருக்கும். தேவைப்படும் ஒரு நாளில் உயிரைக் காக்கும்.

தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனை வண்டுகள் அறியா. அவை அவனுக்கு நன்றி கூறவும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்து ஒருவர் கடக்க வழிவிடும் ஓட்டுநருக்கும் நன்றி கூற யாரும் நிற்பதில்லை. கடந்தவர் தம் வயலுக்குச் செல்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். மாலையில் அனைவரும் வீடு திரும்புகின்றனர். அதுவே அந்த ஓட்டுநர் அவர்களுக்குச் செய்த நன்மை.

---

இலக்கணக் குறிப்பு

வெண்கோடு – பண்புத்தொகை
காணாப் பகுதி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
முந்துதல், வழிவிடுதல் – தொழிற்பெயர்கள்
சென்றனர் – பலர்பால் வினைமுற்று

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் அருகிலுள்ள சாலைச் சந்திப்பில், பாதுகாப்பான இடத்தில் ஆசிரியருடன் நின்று நோக்கி, வழித்தட ஒழுங்கு எவ்வாறு பின்பற்றப்படுகிறது என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பில் படிக்க.
2. வீட்டில் வண்டி ஓட்டும் ஒருவருடன் மூன்று நொடி இடைவெளி முறையைப் பற்றி உரையாடி, அவ்வுரையாடலை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. உணர்தொலைவு, நிறுத்தத் தொலைவு – வேறுபடுத்துக.
2. சேமஅச்சு என்பது யாது?

சிறுவினா
1. வலப்புறமாகவே முந்த வேண்டும் என்பதற்கான காரணத்தை விளக்குக.
2. ‘மிதவேகம் என்பது ஊர்ந்து செல்வதைக் குறிக்காது’ – இக்கூற்றைத் தெளிவாக்குக.

நெடுவினா
1. வழித்தட ஒழுங்கு மீறப்படுவதால் விளையும் விபத்துச் சங்கிலியை விளக்கி, அதனை எந்த இடத்தில் எவ்வாறு அறுக்கலாம் என்பது குறித்து உங்கள் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.